கட்டிலுக்கு நேர் மேலே

அங்கே ஒழுகறதில்லீங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் அங்கப்பனுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. கத்தியிருக்கலாம், சோற்றுப் பானையைப் போட்டு உடைத்திருக்கலாம், நாற்பத்திரண்டு வருஷத்தில் தான் பட்டதையெல்லாம் வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொல்லிக்காட்டியிருக்கலாம். எதற்கும் அவரிடம் பதில் இருந்தது. ஒன்றுக்கு இரண்டு பதிலே இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, துணிப்பையில் இரண்டு சேலையும் பச்சை ஸ்வெட்டரும் மாத்திரைச் சீட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மப்ளரைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, “ஏனுங்க, தம்பி ஊட்டுக்குப் போறனுங்க. அங்க ஒழுகறதில்லீங்க” என்று, கடையில் சர்க்கரை தீர்ந்துபோச்சு என்பதுபோலச் சொல்லிவிட்டுப் பூவாத்தாள் படியிறங்கிப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்றைக்குப் புரட்டாசி இருபத்தெட்டு. கோத்தகிரிச் சரிவில் இன்னும் நாலைந்து நாளில் மழை பிடித்துக்கொள்ளும். பிடித்தால் கார்த்திகை முழுக்க விடாது, அது விட்டால் பனி. தார் டப்பாவை இடது கையில் தொங்கவிட்டுக்கொண்டு கூரைக்கு ஏணியில் ஏறும்போது படிக்கு ஒரு தடவை அந்த வார்த்தை வந்தது. அங்கே. ஏறு. ஒழுகறதில்லீங்க. ஏறு. அந்த மரியாதையைப் பார், அந்த ‘ங்க’வைப் பார். வீட்டை விட்டுப் போகிறவளுக்கு மரியாதை என்ன வேண்டிக் கிடக்கிறது. ஏன் ஒழுகவில்லையாம் அங்கே? அவள் தம்பி குழந்தைவேலு என்ன பொன்னிலா கூரை வேய்ந்திருக்கிறான்? அதே பஜார், அதே இரும்புக்கடை, அதே தகரம், அதே நெளி. வானம் மட்டும் அவனுக்குத் தனியாகவா இருக்கிறது? அங்கே ஒழுகவில்லை, இங்கே ஒழுகுகிறது. அதுவும் எங்கே? சமையற்கட்டில் ஒழுகலாம், விறகு அடுக்கிய மூலையில் ஒழுகலாம், அவரே படுக்கிற அடுப்படிப் பக்கம்கூட ஒழுகித் தொலைக்கலாம். கிழக்கு அறையில், அவள் கட்டிலுக்கு நேர் மேலே, தலைமாட்டில், குறி வைத்து அடித்ததுபோல ஒழுகுகிறது. வேண்டுமென்று செய்வதுபோல.

வேறு எதைச் செய்யாமல் விட்டார் என்று யாராவது வந்து காட்டட்டும். வந்தால்தானே காட்டுவதற்கு. இந்தப் பன்னிரண்டு நாளில் இரண்டு ஜன்னலிலும் கண்ணாடியைச் சுற்றிக் காய்ந்து உதிர்ந்த பழைய பூட்டியைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பூட்டியைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டியது யார்? விரலில் இன்னும் அந்த எண்ணெய் வாடை போகவில்லை, சோற்றில் கை வைத்தால் சோறு பூட்டியாக மணக்கிறது. கதவுக்கு அடியில் குளிர் நுழையாமல் சாக்கை மடித்து ஆணி அடித்தது யார்? அடுப்புப் புகைக்குழாயைக் கழற்றித் தட்டி, அரை மூட்டை கரியைக் கொட்டி, முகமெல்லாம் அப்பிக்கொண்டு நின்றது யார்? வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டிலிருந்து வழிகிற தண்ணீர் சுவரில் ஏறாமல் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டியது? சீகைமர விறகைப் பிளந்து, மழை அடிக்காத சுவரோரமாக ஆள் உயரத்துக்கு அடுக்கியது? கம்பளியைப் பத்து மணி வெயிலில் போட்டுப் பதினொரு மணி மூடுபனிக்குள் எடுத்தது? அறுபத்தாறு வயசில் ஒண்டியாகச் செய்தார். பரவாயில்லையே என்று ஒரு நாய் வந்து வாலாட்டவில்லை. இதையெல்லாம் செய்துவிட்டுக் கூரையை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். பயந்து வைத்திருந்தார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தார் நன்றாக ஒட்ட வேண்டுமானால் இரண்டு நாள் வெயில் வேண்டும், அதற்காகத்தான். பயம் என்ன பயம். ஆடி மாசத்தில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, அந்த டாக்டர் பையன், மீசைகூடச் சரியாக முளைக்காதவன், நெஞ்சுப் படத்தை விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்தக் குளிர்காலமும் ஈரத்துல படுக்க வச்சீங்கன்னா தாங்க மாட்டாங்க பெரியவரே” என்றான். படுக்க வச்சீங்கன்னா. ஏதோ இவர் அவளைப் பிடித்துத் தண்ணீரில் முக்கி வைத்ததுபோல. இவரா மழையைக் கூப்பிட்டார்? அவளும் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு, அப்படியெல்லாம் இல்லீங்க டாக்டர் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றாள். தாங்க மாட்டாங்க. அந்தச் சொல் வந்ததும் அங்கப்பன் ஏணியின் கடைசிப் படியில் நின்றுவிட்டார். தாங்காமல் போனால், அதுவும் அந்த வீட்டில் வைத்துத் தாங்காமல் போனால், கூடத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளி அவளைக் கிடத்தியிருப்பார்கள், ஊரே உட்கார்ந்திருக்கும், அவர் மட்டும் வாசலில் வெளியாள் மாதிரி நின்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும், குழந்தைவேலு எழுந்து வந்து தோளைத் தொடுவான். த்தூ என்று எட்டித் துப்பினார். தகரத்தின் மேல் கிடந்த சில்வர் ஓக் இலைகளைக் கையால் தள்ளிவிட்டு, வயிற்றை இழுத்துக்கொண்டு கூரைமேல் ஏறினார்.

தகரம் காலைக் குளிரில் இன்னும் ஈரமாக இருந்தது. மேடு பள்ளமாக நெளிநெளியாக ஓடுகிற தகரத்தில் பள்ளத்தில் காலை வைக்கக் கூடாது, மேட்டிலும் வைக்கக் கூடாது, கீழே குறுக்குச் சட்டம் போகிற இடத்தில் மேட்டின்மேல் பட்டும் படாமலும் வைக்க வேண்டும். அது தெரியாத பயல் ஒருத்தன் ஏறி மிதித்ததால் வந்த வினைதான் இதெல்லாம். அது ஏழு வருஷமாக அவருக்குத் தெரியும். மலையின் மேற்குக் கோடியில், தேவாலா எஸ்டேட்டில் வேலை முடிந்து, குடியிருந்த எஸ்டேட் லயத்தைக் காலி பண்ணு என்று சொன்ன பிறகு, பூவாத்தாளின் அப்பன் அவள் பேருக்கு எழுதி வைத்திருந்த இந்தத் துண்டு நிலத்துக்கு வந்து வீடு கட்டினார்கள். பெண்டாட்டி நிலத்தில் வீடு. மச்சினன் வீட்டுக்கு மேல் வளைவில் வீடு. அது ஒன்று போதாதா ஒரு மனுஷனுக்கு. ஊரில் எவனும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தார்கள் பார், அதுதான் சொன்னது. சுவரெல்லாம் எழுப்பி, சட்டமெல்லாம் அடித்து, சித்திரை மாசம் ஒரு காலையில் தகரம் போட ஆரம்பித்தார். ஆள் வைக்கவில்லை. எதற்கு ஆள்? தேவாலாவில் எஸ்டேட் கட்டட கேங்கில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர் அவர். ஒன்பது லயத்துக்குத் தகரம் போட்டிருக்கிறார். ஆடி மாசத்து மழை அங்கே எப்படிப் பெய்யும் என்று இந்த ஊர்க்காரனுக்குத் தெரியுமா? வானத்தைத் திறந்து வைத்துவிட்டு எவனோ மூட மறந்து போனமாதிரி மூன்று மாசம் பெய்யும். அந்த மழையில் அவர் போட்ட லயத்தில் ஒரு சொட்டு உள்ளே வந்ததென்று ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து சொன்னது கிடையாது. அப்பேர்ப்பட்டவர் தன் சொந்த வீட்டுக்குத் தகரம் போடும்போது, குழந்தைவேலு உதவிக்கு வருகிறேன் என்று ஏணியில் ஏறி வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? நேரே தகரத்தின் நடுவில் காலை வைத்தான். டப் என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. நெளி நசுங்கிய சத்தம். அன்றைக்குத் தொடங்கியதுதான். நசுங்கிய நெளியில் தண்ணீர் தேங்கி, ஆணி ஓட்டை வழியாக இறங்கி, சட்டத்தில் ஓடி, பூவாத்தாள் தலையில் சொட்டுகிறது. அவன் என்னவோ சொன்னான் அப்போது. என்னவோ சொன்னான், இவர் எதையோ திருப்பிச் சொன்னார், அவன் இறங்கிப் போனான். அதோடு சரி. ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. அவன் பெண் கல்யாணத்துக்குக்கூடப் பூவாத்தாளை மட்டும் அனுப்பிவிட்டு இங்கே பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தார். பந்தலில் போட்ட பாட்டு முழுக்க இங்கே கேட்டது.

என்ன சொன்னான்? சொன்னது முக்கியமில்லை, மிதித்ததுதான் முக்கியம். அங்கப்பன் முதல் ஆணியைத் தேடினார். போன வருஷத் தார் வெயிலில் வெடித்து, ஆணித் தலையைச் சுற்றிக் கறுப்புத் தழும்பாக நின்றது. அதன் கீழே அதற்கு முந்தின வருஷத் தார். அதன் கீழே அதற்கு முந்தினது. ஏழு புரட்டாசி. ஒவ்வொரு ஆணியையும் ஏழு தடவை மூடியிருக்கிறார், ஏழு ஐப்பசியும் அது ஒழுகியிருக்கிறது. முதல் வருஷம் இரும்புக்கடைக்காரன் மட்டமான வாஷரைக் கொடுத்துவிட்டான் என்று கடைவாசலில் போய் நின்று கேட்டார். இரண்டாம் வருஷம் புயல். மூன்றாம் வருஷமும் புயல். அதென்ன, தேவாலாவில் மழை ஒழுங்காக மேற்கே இருந்து வந்து ஒழுங்காகக் கிழக்கே போகும், இங்கே மட்டும் வருஷா வருஷம் கடலில் எதையாவது கிளப்பிக்கொண்டு தாறுமாறாக அடிக்கிறது. நான்காம் வருஷம் மேலே இருந்த மரத்தின் இலை அடைத்துவிட்டது. மரத்துக்காரனோடு பேச்சு நின்றது. ஐந்து, ஆறு, ஏழு, மிதித்தவன்தான், வேறு யார். பிரஷ்ஷைத் தாரில் முக்கி ஆணித் தலையில் வைத்துச் சுழற்றினார். பிரஷ் மயிர் ஒன்று தாரில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதைப் பிடுங்கப் போனபோது சட்டைப்பையில் போன் அடித்தது. திருப்பூரிலிருந்து மகள் சாந்தாமணி. தார்க் கையோடு எடுத்தார்.

“அப்பா, எங்க இருக்கறீங்க?”

“எங்க இருப்பன். ஊட்லதான்.”

“காத்துச் சத்தம் கேக்குது. மேல ஏறிட்டீங்களா? ஏனுங்கப்பா, கூரைக்கு ஆள வச்சுப் பாருங்கன்னு எத்தன வாட்டி சொல்றது. விழுந்து வச்சா யாரு பாக்கறது?”

“உங்கம்மாதான் பாக்க மாட்டா. அவதான் போயிட்டாளே.”

“எங்க போயிட்டாங்க, கீழ் வளைவுலதான இருக்கறாங்க. ஒரு எட்டு போயி வான்னு கூப்ட்டா வந்துருவாங்க.”

“நான் எதுக்குக் கூப்பிடறது? போகச் சொன்னனா, கூப்பிடறதுக்கு?”

“மாமாகிட்டப் பேசுனீங்களா?”

“உங்க மாமனோட எனக்கு என்ன பேச்சு?”

“நீங்க ரெண்டு பேரும் பேசறதுக்குள்ள அம்மா...” என்று ஆரம்பித்து அவள் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் இரைந்தன. “சரிங்கப்பா, சூபர்வைசர் வர்றாரு. பாத்து எறங்குங்க.”

பெற்ற பிள்ளையும் அந்தப் பக்கம்தான். அம்மா என்று ஆரம்பித்து நிறுத்துகிறாள். முழுசாகச் சொன்னால் என்ன, இவர் என்ன கடித்தா தின்றுவிடுவார்? ஊரில் எல்லோரும் அவரிடம் பேச்சைப் பாதியில்தான் நிறுத்துகிறார்கள். அங்கப்பன் போனைப் பையில் போட்டபோது சட்டை முழுக்கத் தார் ஆனது. அதுவும் அவள் செய்ததுதான், இந்த நேரத்தில் யார் போன் பண்ணச் சொன்னது. இரண்டாம் தகரத்துக்கும் மூன்றாம் தகரத்துக்கும் நடுவில் இருந்த ஆணிகளைப் பார்க்க வேண்டும், அதுதான் கட்டிலுக்கு நேர் மேலே. குந்தி உட்கார்ந்தால் இடுப்பு சொல்வதைக் கேட்கவில்லை. அதனால் வயிறு பதியத் தகரத்தின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். கன்னத்தில் தகரம் ஜில்லென்று ஒட்டியது. கீழே அவள் கட்டில். இடையில் ஒரு தகரத்தின் கனம்தான். அவள் வருஷக்கணக்காக மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்த இடத்தின் மறுபக்கத்தில் அவர் இப்போது படுத்திருக்கிறார். ராத்திரி இருமல் வந்தால் அவள் எழுந்து உட்கார்ந்துகொள்வாள், தலையணையைச் சுவரோரம் நகர்த்துவாள், கட்டிலில் ஈயப் பாத்திரத்தை வைப்பாள், பாத்திரத்துக்குள் துணியைப் போட்டு வைப்பாள், சொட்டுகிற சத்தம் அடுப்படியில் படுத்திருக்கிற மனுஷனை எழுப்பிவிடக் கூடாதே என்று. துணி போட்டது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியும். ஒருநாள் தண்ணி குடிக்க எழுந்தபோது பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எதற்கு இப்போது அது? கட்டிலை நகர்த்திப் போடு என்று ஒரு தடவை சொன்னார்தானே. எங்கே நகர்த்துவது, ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் அரிசி டிரம் என்று அவள் சொன்னாள். இவர் படுக்கிற இடத்தில் அவளைப் படுக்கச் சொல்லியிருக்கலாம் என்றால், அதை அவள் கேட்டாளா? கேட்காததைக் கொடுப்பதற்கு இவர் என்ன ஜோசியரா?

படுத்தபடியே பார்த்தால் கீழ் வளைவில் குழந்தைவேலுவின் வீட்டுக் கூரை முழுசாகத் தெரிந்தது. சிவப்பு பெயின்ட் அடித்திருக்கிறான். அவன் கூரையில் ஏறி இந்த ஏழு வருஷத்தில் ஒரு தடவை தார் அடித்துப் பார்த்ததில்லை. சோம்பேறிப் பயல். வாசல் கொடியில் பச்சை ஸ்வெட்டர் தொங்கியது. கொஞ்சம் தள்ளி, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் ஒரு உருவம். தலையை மப்ளர் மூடியிருந்தது. அவள் இருமுகிறாளா என்று காதைத் தீட்டிக் கேட்டார். தேயிலைக்குள் எவனோ மருந்தடிக்கிற மோட்டார் சத்தம்தான் கேட்டது. உடம்பு அசைகிறதா என்று பார்த்தார். முறம் அசைந்தது. ஒரு தடவை நிமிர்ந்து மேலே பார்ப்பாள் என்று இருந்தார். கூரைமேல் ஒரு கிழவன் பல்லிபோல ஒட்டிக்கொண்டு கிடக்கிறான், நாற்பத்திரண்டு வருஷம் சோறு போட்டவன், ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளுமா? பார்க்கவில்லை. அங்கே ஒழுகறதில்லீங்க. அவர் பிரஷ்ஷை டப்பாவுக்குள் போட்டார். கோபம்தான். கோபம் வந்தால் அவருக்கு எப்போதும் பீடி வேண்டும். சட்டைப்பையில் தார் படாத ஓரத்திலிருந்து ஒரு பீடியை எடுத்து, படுத்தவாக்கிலேயே பற்றவைத்தார். ஒரு இழுப்பு இழுத்துப் புகையை விட்டார்.

புகை மேலே போகவில்லை. முதலில் அவர் அதைக் கவனிக்கவில்லை. அப்போதுதான் கிழக்கே இருந்து ஒரு காற்று சரிவில் ஏறி வந்தது. மழைக்கு முந்தின காற்று, மண்வாடையும் குளிரும் கலந்தது. புகை தகரத்தின்மேல் தவழ்ந்து போய், மூன்றாம் தகரம் இரண்டாம் தகரத்தின்மேல் ஏறிப் படுத்திருக்கிற ஓரத்துக்குப் போய், நின்று, அந்த இடுக்குக்குள் போனது. வாய் வைத்து உறிஞ்சியதுபோலப் போனது. அங்கப்பன் இன்னொரு தடவை புகையை விட்டார். அதுவும் போனது. விரலை வைத்துப் பார்த்தார். ஓரம் திறந்து கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது, காற்று விரலைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தது. தவழ்ந்து தள்ளிப் போய் நான்காம் தகரத்தின் ஓரத்தில் புகையை விட்டார். போனது. ஐந்தாம் தகரத்தில் விட்டார். போனது. ஆணியில் ஒன்றுமில்லை. நெளி எங்கேயும் நசுங்கவில்லை. உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார், ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்த நசுங்கிய இடத்தை. சின்னதாக ஒரு சொட்டை இருந்தது, கட்டைவிரல் அகலத்துக்கு, மேட்டின்மேல். அதில் தண்ணீர் நிற்கக்கூட வழியில்லை. தகரம் போடுகிறவன் முதல் நாள் கற்றுக்கொள்வது ஒன்றுதான். மழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக்கு ஓரம் முதுகைக் காட்ட வேண்டும். மழை மேற்கே இருந்து வந்தால் கிழக்குக் கோடியில் தொடங்கி ஒன்றின் ஓரத்தின்மேல் ஒன்றாக மேற்கே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஒன்பது லயத்துக்கு அப்படித்தான் போட்டார். எத்தனை பையன்களுக்குக் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இந்த வீட்டுக்கும் கிழக்குக் கோடியில்தான் தொடங்கினார். யோசிக்கவே இல்லை. மழை என்றால் மேற்கு. இன்றைக்கும் இடி கேட்டால் அவர் கழுத்து மேற்கேதான் திரும்பும். இந்தச் சரிவில் அவர் வந்து ஏழு ஐப்பசி பார்த்தாயிற்று, ஏழும் கிழக்கே இருந்துதான் வந்தது, ஒவ்வொன்றையும் வழி தப்பி வந்த மழை என்று நினைத்தார். கீழே பார்த்தார். குழந்தைவேலுவின் சிவப்புக் கூரையில் ஓரங்கள் மேற்கே பார்த்துப் படுத்திருந்தன. அதற்கு அந்தப் பக்கத்து வீட்டிலும் மேற்கே. ரேஷன் கடைக் கூரையிலும் மேற்கே. சரிவு முழுக்க எல்லாக் கூரையும் ஒரே பக்கம் வாரி விட்ட தலையைப்போலக் கிடந்தது. இது ஒன்றுதான் எதிர் வாரல்.

அவன் சொன்னது அப்போது முழுசாக வந்தது. வர வேண்டாம் என்று எவ்வளவோ நாளாகப் பிடித்து வைத்திருந்தது. “மாமா, இங்க மழ கெழக்க இருந்துதானுங்க வரும். மேக்குக் கோடியில இருந்து போட்டுட்டு வாங்க.” அவ்வளவுதான் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான், கீழே நின்ற கொத்தனாருக்குக் கேட்காமல். இவர்தான் கீழே நிற்கிறவனுக்கெல்லாம் கேட்கிறமாதிரி, “பொண்டாட்டி எடத்துல ஊடு கட்டிட்டா ஊருக்கே நான் எளக்காரமாடா? எனக்கே தகரம் போடச் சொல்லித் தர்றயா? எறங்குடா. எறங்கலீனா ஏணியத் தள்ளி உட்ருவன்” என்றார். அவன் இறங்குகிற அவசரத்தில்தான் தகரத்தில் கால் வைத்தான். டப் என்றது அப்போதுதான். அங்கப்பன் பீடியை அணைத்தார். இதற்கு யார் மேல் கோபப்படுவது என்று தேடினார். ஒருத்தராவது கிடைக்காமலா போவார்கள். மலை எதற்கு ஒரு பக்கம் ஒரு மழையும் மறுபக்கம் வேறு மழையும் வைத்துக்கொண்டிருக்கிறது? ஒரே மலைதானே, ஒரே மழையாக இருந்தால் என்ன? இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் கண் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இந்தக் கூரையைப் பார்க்கிறார்கள். எதிர் வாரல் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். டீக்கடையில் சொல்லிச் சிரித்திருப்பார்கள். ஒருத்தனாவது சொன்னானா? எவனிடம் இவர் நின்று பேசினார், அவன் சொல்வதற்கு என்றால், அது வேறு விஷயம். பூவாத்தாள் சொல்லவில்லை. தெரிந்திருக்குமா அவளுக்கு? தம்பி சொல்லியிருப்பான். தெரிந்துகொண்டேதான் துணியைப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாளா? அது நெஞ்சில் எங்கேயோ போய்க் குத்தி நின்றது, அதை எடுக்கத் தெரியவில்லை. அவளை விட்டுவிட்டு மறுபடியும் குழந்தைவேலுவிடமே வந்தார். அங்கேதான் பிடி கிடைத்தது. ஒரு தடவைதானே சொன்னான். ஒரே ஒரு தடவை. ஒரு முக்கியமான விஷயத்தை ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு ஒருத்தன் ஏழு வருஷம் எதிரிலேயே உட்கார்ந்திருப்பானா? அக்கா தலையில் தண்ணி சொட்டுகிறது என்று தெரிந்தும்? இதைவிட ஒரு அக்கிரமம் உண்டா? தார் டப்பாவைக் கூரைமேலேயே விட்டுவிட்டு இறங்கினார். இறங்கும்போது படிகளை எண்ணவில்லை, எந்த வார்த்தையும் வரவில்லை, இந்த ஒரு கேள்வி மட்டும் பல்லுக்கு நடுவில் இருந்தது. தேயிலைக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில், சட்டையெல்லாம் தாரோடு, ஏழு வருஷமாகக் கால் வைக்காத இறக்கத்தில் இறங்கினார். கிழக்கே மேகம் மொட்டைப் பாறையை மூடிவிட்டிருந்தது.

குழந்தைவேலு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். மனுஷன் நரைத்துப்போயிருந்தான். கூரைமேலிருந்து பார்க்கும்போது அது தெரியவில்லை. கோடாலியைக் கட்டையில் விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

“வாங்க மாமா” என்றான், நேற்று வந்து போனவரைக் கூப்பிடுவதுபோல. பூவாத்தாள் முறத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

“அன்னிக்கு ஒரு தடவதான சொன்ன?” என்றார் அங்கப்பன்.

“எதுங்க மாமா?”

“தகரத்தப் பத்தி. ஒரே ஒரு தடவ. இன்னொருக்கா சொல்றதுக்கு வாய் வலிச்சுதா உனக்கு?”

குழந்தைவேலு அக்காளைப் பார்த்தான். அவள் முறத்திலிருந்த மொச்சையைப் பார்த்தாள்.

“நீங்கதானுங்க மாமா ஏணியத் தள்ளிப்புடுவன்னீங்க.”

“சொன்னன். தள்ளுனனா? சொன்னா உட்ருவியா? உங்கக்கா ஏழு வருசமா நனையறா. நீ செவப்பு பெயின்ட் அடிச்சுட்டு உக்காந்திருக்கற.”

பூவாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. மப்ளரை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், அது இருமலாக மாறியது. இருமினாள். அங்கப்பன் நின்றார். இருமல் முடியும் முடியும் என்று பார்த்தால் முடியவில்லை. முறத்திலிருந்து மொச்சைகள் மடியில் சிதறின. அந்த இருமல் நின்று அவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவரை அவர் மூச்சு விட்டாரா என்று அவருக்கே தெரியவில்லை.

“பக்கத்துக்கு எட்டு, பதினாறு தகரமுங்க” என்றான் குழந்தைவேலு, கிழக்கே பார்த்துக்கொண்டு. “அத்தனையும் கழட்டித் திருப்பிப் போடோணும். சட்டம் உளுத்திருக்குதுங்களா?”

“என் சட்டம் உளுக்காது.”

“செரி, பாக்கலாம். சாயங்காலம் மழ வந்தாலும் வரும். இப்ப ஒரு பக்கம் ஆரம்பிச்சா ராத்திரிக்குத் தார்ப்பாயி போட்டுக்கலாம். மிச்சத்த நாளைக்கு வெள்ளனே பாத்துக்கலாம்.” ஆணி பிடுங்குகிற சுத்தியலை எடுக்க உள்ளே போனான்.

இரண்டு பேரும் தனியாக நின்றார்கள். அங்கப்பன் கொடியில் தொங்கிய ஸ்வெட்டரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“நீ இப்ப வராத. ஒரு மழ நல்லாப் பேயட்டும். அந்தக் கட்டல்ல நான் படுத்துப் பாக்கறன். ஒழுகலீன்னா சொல்லி உடறன், அப்பறம் வா.”

“ஆகட்டுங்க” என்றாள் பூவாத்தாள்.

“தூறல் போட்டாக்கூட அந்தப் பக்கம் வந்து நிக்காத. அங்க கூர இருக்காது.”

“ஆகட்டுங்க.”

அவர் முன்னால் நடந்தார். மச்சினன் சுத்தியலையும் நைலான் கயிற்றையும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். ஏற்றத்தில் முதல் வளைவு திரும்பியபோது, பின்னால் ஒன்றல்ல, இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம் கேட்டது. ஒன்று தேய்த்துத் தேய்த்து, நாலு அடிக்கு ஒரு தடவை நின்று நின்று வந்தது. “பாத்திரம் பண்டமெல்லாம் ஆரு மூடி வெப்பாங்க? இவுங்களுக்கு அரிசி எங்க இருக்குதுன்னே தெரியாது” என்று தம்பியிடம் அவள் சொல்வது கேட்டது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, வராதே என்று, இப்போதுதான், எதிரில் நின்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தார். சொன்ன பேச்சைக் கேட்கிற வழக்கம் அவர்கள் பரம்பரைக்கே கிடையாது என்று அங்கப்பனுக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் தளர்த்தினார். ஏற்றமாயிற்றே, கிழவனுக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொள்ளட்டும்.